எழுவாய் உண்டு, பயனிலை எங்கே? – அறிவியல் பரப்புரையில் பெண்

தோற்றுவாய்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சர் சி.வி. இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்த 1928ஆம் ஆண்டு நாளின் நினைவாக அமைந்தது அவ்விழா. சில ஆண்டுகளுக்கு முன் அவ்விழாவின் பொருட்டு நம் கல்லூரிக்கு இயற்பியல் பேராசிரியை ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகை தந்தார். தமிழ்த்துறையினர் என்பதால் அறிமுகவுரை எழுதிப் படிக்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நாமும் இரவு வெகுநேரம் அமர்ந்து எழுதினோம். 'மனையறமும் மதிநலமும் ஒருங்கே விளங்கும் மங்கை நல்லார்' என்றோம். 'மக்கள் இருவரைச் சான்றோராக்கிய அன்னை' என்றோம். 'அடுக்களையையும் ஆய்வகத்தையும் இரு கண்களாய்ப் போற்றுபவர்' என்றோம். அவையில் கையொலி எழுந்தது. விருந்தினரும் புன்னகை பூத்தார்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், இயற்பியல் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தி நம்மிடம் வந்தாள். "ஐயா, அவங்க எதைப் பத்தி ஆராய்ச்சி செஞ்சிருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே ஐயா?" என்று பணிவோடு கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. அப்பேராசிரியை அனுப்பியிருந்த தன்விவரக் குறிப்பில் நான்கு பக்கங்கள் அவர்தம் ஆய்வைப் பற்றியே இருந்தன. நாம் அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் இருந்த குடும்பச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கு முந்திய ஆண்டு வந்திருந்த ஆண் பேராசிரியரை அறிமுகம் செய்தபோது அவருடைய மனைவி மக்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குற்றம் நம்முடையதே. ஆயினும் அது நம்மோடு தோன்றியதன்று. உலகப் புகழ்பெற்ற பெண் அறிஞர்களைப் பற்றி நாளிதழ்களும் அருங்காட்சியகங்களும் அரசு விளம்பரங்களும் நூறாண்டுக்கு மேலாக எழுதிவரும் முறையே அது. அம்முறையை ஒரு தமிழாசிரியனுக்குத் தெரிந்த இலக்கணக் கண் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயனிலை மூன்று

ஒரு வாக்கியத்திற்கு எழுவாய் இன்றியமையாதது. அவ்வெழுவாய் கொண்டு முடியும் பயனிலையோ மூவகைப்படும் என்பதை மாணவர் அறிவர். 'இவர் ஆசிரியர்' என்பது பெயர்ப் பயனிலை. 'இவர் கற்பித்தார்' என்பது வினைப் பயனிலை. 'இவர் யார்?' என்பது வினாப் பயனிலை. எழுவாய் வெளிப்படையாக நில்லாமல் மறைந்து நிற்குமாயின் அது தோன்றா எழுவாய் எனப்படும்.

அறிவியல் செய்திகளில் ஆண் அறிஞர் எழுவாயாக வரும்போது பெரும்பாலும் வினைப் பயனிலையே அமைகிறது. கண்டுபிடித்தார், நிறுவினார், அளந்தார், மெய்ப்பித்தார் என்று வாக்கியம் முடிகிறது. பெண் அறிஞர் எழுவாயாக வரும்போதோ தாய், இல்லத்தரசி, மங்கை என்று பெயரிலே முடிந்துவிடுகிறது. சில இடங்களில் வினாவிலே முடிகிறது. வேறு சில இடங்களில் எழுவாயே மறைந்துவிடுகிறது. இதனை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிள்ளைகள் வரைந்த படம்

அதற்கு முன், இத்தகைய பரப்புரையின் விளைவு யாது என்பதை நோக்குதல் தகும். டேவிட் வேட் சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர், கனடா, அமெரிக்க ஐக்கிய நாடு முதலியவற்றில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 4,807 பேரிடம் 'ஓர் அறிவியலாளரை வரைக' என்று கூறி, கிடைத்த முடிவை 1983ஆம் ஆண்டு வெளியிட்டார். அத்தனை படங்களுள் பெண்ணுருவம் வரையப்பட்டவை 28 மட்டுமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமியரே. ஒரு சிறுவன்கூடப் பெண் அறிவியலாளரை வரையவில்லை.

இவ்வகை ஆய்வுகள் ஐம்பது ஆண்டுக் காலம் அமெரிக்காவில் நடந்தவற்றைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் வெளிவந்தது. பிற்காலத்தில் நிலைமை மாறியிருப்பதை அது காட்டிற்று. 1985க்குப் பின் வரையப்பட்டவற்றுள் சராசரியாக நூற்றுக்கு 28 படங்கள் பெண்ணுருவம் கொண்டிருந்தன. எனினும் அதே தொகுப்பு தரும் மற்றொரு செய்தி நெஞ்சைச் சுடுவது. ஆறு வயதுச் சிறுமியர் வரைந்தவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பெண்ணுருவங்கள். பதினாறு வயதுப் பெண்கள் வரைந்தவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பெண்ணுருவங்கள். பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் அச்சிறுமியர் பாடத்தோடு சேர்த்து வேறொன்றையும் கற்றுக்கொண்டனர் என்பதே இதன் பொருள். யாரும் அதனைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கவில்லை. படங்களும் தலைப்புகளும் அறிமுகவுரைகளும் கற்பித்தன.

பெயரில் முடிந்த வாக்கியங்கள்

மேரி கியூரி அம்மையாரை அறியாதார் இல்லை. 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றவர். யுரேனியத்தினின்று வெளிப்படும் கதிரின் வலிமை அத்தனிமத்தின் அளவை மட்டுமே பொறுத்தது, அது எச்சேர்மத்தில் இருப்பினும் வேறுபாடில்லை என அளந்து காட்டினார். ஆதலின் அக்கதிர் அணுவின் இயல்பே எனக் கருதினார். அந்த ஒரு முடிவு புதிய இயற்பியலுக்கு வாயில் திறந்தது. கதிரியக்கம் என நாம் இன்று தமிழில் வழங்கும் சொல்லின் மூலச்சொல்லை ஆக்கியவரும் அவர் தாம். 1898இல் கணவர் பியரி கியூரியோடு சேர்ந்து பொலோனியம், ரேடியம் ஆகிய இரு தனிமங்களைக் கண்டறிந்தார்.

இத்தகையவரை 1921இல் அமெரிக்க நாட்டுக்கு அழைத்துச் சென்றவர் மேரி மெலொனி என்னும் மகளிர் இதழாசிரியை. ஆய்வுக்கு ஒரு கிராம் ரேடியம் வேண்டும் என்று கியூரி கூறியிருந்தார். அதன் விலை அந்நாளில் ஒரு லட்சம் டாலர். அமெரிக்கப் பெண்களிடம் அத்தொகையைத் திரட்டித் தர மெலொனி முன்வந்தார், திரட்டியும் தந்தார். 1921 மே 20ஆம் நாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அப்பரிசை வழங்கினார். நன்றி பாராட்டத்தக்க தொண்டு இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அத்தொகையைத் திரட்ட மெலொனி தீட்டிய ஓவியம் யாது? இரு பெண்மக்களின் தாய், வறுமையில் வாடும் கைம்பெண், புற்றுநோயைத் தீர்க்க வந்த அருளாளர் என்பதே அது. கியூரியோ நோய் தீர்க்கும் மருத்துவர் அல்லர். அணுவின் இயல்பை ஆராயும் அறிஞர். ரேடியத்தை அவர் வேண்டியது ஆய்வுக்காக. பரிசுப் பத்திரத்தில் அந்த ரேடியம் தமக்குரிய தனிச்சொத்தாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, அஃது ஆய்வகத்திற்கே உரியது என விழாவுக்கு முன்பே திருத்தி எழுதச் செய்தார் அவர். பத்திரத்தைத் திருத்த முடிந்தது. ஓவியத்தைத் திருத்த முடியவில்லை.

மேரி கியூரிக்குப் பின் இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற இரண்டாம் பெண்மணி மரியா கோப்பர்ட் மேயர். இடையே கழிந்தவை 60 ஆண்டுகள். அணுக்கருவினுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்காய் அமைகின்றன என்றும், 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய எண்ணிக்கைகளில் அவை நிறைவுறும்போது அணுக்கரு தனி உறுதி பெறுகிறது என்றும் விளக்கியவர் அவர். கணவர் பணிபுரிந்த பல்கலைக்கழகங்களில் மனைவிக்குப் பணி தரலாகாது என்னும் வழக்கத்தால் பல்லாண்டுகள் ஊதியமின்றியே உழைத்தார். 1963இல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் வாழ்ந்த சான் டியாகோ நகரத்து நாளிதழ் ஒன்று, அவ்வூர்த் 'தாய்' ஒருவர் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார் எனத் தலைப்பிட்டது. மறு ஆண்டில் வேதியியலுக்குப் பரிசு பெற்ற டோரதி ஹாட்ஜ்கினைப் பிரிட்டானிய நாளிதழ் ஒன்று ஆக்ஸ்போர்டு 'இல்லத்தரசி' என்றது.

தாய் என்பது இழிசொல் அன்று. அதனினும் உயர்ந்த சொல் நம் மொழியில் இல்லை. ஆயினும், மேயரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட யென்சனுக்கும் விக்னருக்கும் 'தந்தை' என்று தலைப்பிடுவது எவருக்கேனும் தோன்றுமா? தோன்றாது. அவர்களுக்கு வினை இருக்கிறது. பெயர் வேண்டுவதில்லை.

தோன்றா எழுவாய்

இரண்டாவது வகை இதனினும் கொடிது. வினை இருக்கும், வினை செய்தவர் இருக்கமாட்டார்.

வியன்னாவில் பிறந்த லீசே மைட்னர் 1907 முதல் பெர்லினில் ஓட்டோ ஹானோடு சேர்ந்து முப்பதாண்டுக் காலம் ஆய்வு செய்தவர். தொடக்கத்தில் அந்த வேதியியல் நிறுவனத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லாமையால், கீழ்த்தளத்தில் தச்சுப் பட்டறையாக இருந்த அறையிலே தம் கருவிகளை வைத்துக்கொண்டார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஆதலால் 1938 சூலையில் ஜெர்மனியை விட்டுத் தப்பி, சுவீடன் நாட்டில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு டிசம்பரில், நியூட்ரானால் தாக்கப்பட்ட யுரேனியத்தில் பேரியம் தோன்றுவதாகப் பெர்லினிலிருந்து ஹான் கடிதம் எழுதினார். அது எவ்வாறு நிகழும் என்பது அவருக்கு விளங்கவில்லை. பனி படர்ந்த வழியில் நடந்துகொண்டே மைட்னரும் அவர்தம் சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும் அதனை ஆராய்ந்தனர். அணுக்கரு இரண்டாய்ப் பிளக்கிறது என்றும், ஒவ்வொரு பிளவிலும் ஏறத்தாழ 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது என்றும் கணக்கிட்டுக் கூறினர்.

1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. மியூனிக் நகரத்து ஜெர்மன் அருங்காட்சியகத்தில் அவ்வாய்வுக் கருவிகள் ஒரு மேசைமீது வைக்கப்பட்டன. 'ஓட்டோ ஹானின் பணிமேசை' என்னும் பெயர்ப்பலகை அதன்மீது பல்லாண்டுகள் இருந்தது. அங்கிருந்த கருவிகளுள் பல மைட்னரின் இயற்பியல் பிரிவைச் சார்ந்தவை. மேசையைக் கண்டு சென்ற இலட்சக்கணக்கான மாணவர் அப்பெயரை அறியாமலே சென்றனர். பின்னரே அக்காட்சி திருத்தப்பட்டது.

மறைந்து நின்ற அந்த எழுவாயை நாளிதழ்கள் வெளிக்கொணர்ந்த நேரமும் உண்டு. 1945 ஆகஸ்டில் அணுகுண்டு வீசப்பட்டபோது, குண்டின் இரகசியத்தோடு ஜெர்மனியிலிருந்து தப்பிய பெண்மணி என அவரைப் பற்றிக் கதை கட்டினர். உண்மையில், அணுகுண்டு ஆக்கும் திட்டத்தில் சேருமாறு வந்த அழைப்பை அறவே மறுத்தவர் அவர். செய்ததைச் சொல்லாத ஏடுகள் செய்யாததைச் சொல்லின. 109ஆம் தனிமத்திற்கு 1997இல் மைட்னீரியம் எனப் பெயர் சூட்டப்பட்டபோது அவர் மறைந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டிலும் தோன்றா எழுவாய் உண்டு. பீர்மேட்டில் 1918இல் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, பெங்களூரில் இராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளி இயல்பை ஆராய்ந்தார். தாம் ஒருவராகவே ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. பின்னர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, மழை, காற்று, சூரியக் கதிர்வீச்சு ஆகியவற்றை அளக்கும் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். இராமனின் பெயரால் அமைந்த நாளைக் கொண்டாடும் நம் கல்லூரிகளின் பதாகைகளில், அவர் ஆய்வகத்திலேயே பணிபுரிந்த இவ்வம்மையாரின் படத்தை எத்துணைப் பேர் கண்டிருக்கிறோம்?

வினாவில் முடிந்தவை

வினாப் பயனிலைக்கு ஜோசலின் பெல் அம்மையாரின் வரலாறு தக்க சான்றாகும். அவர் வட அயர்லாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, நாலரை ஏக்கர் பரப்பில் கம்பங்களை நட்டுக் கம்பிகளைக் கட்டி வானொலித் தொலைநோக்கியை அமைப்பதில் தாமும் உழைத்தவர். நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத் தாளில் பதிவாகும் கோடுகளைக் கண்ணால் நோக்கி ஆராய்வது அவர் பணி. 1967இல் அக்கோடுகளிடையே விரலளவும் இல்லாத ஒரு சிறு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. விடாது தொடர்ந்து ஆராய்ந்தபோது, 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாது துடிக்கும் வானொலி அலை அது என்பது புலனாயிற்று. துடிப்பு விண்மீன் என இன்று வழங்கும் வான்பொருள் அவ்வாறுதான் உலகுக்குத் தெரிய வந்தது.

1968இல் செய்தி வெளியானதும் நிருபர்கள் வந்தனர். கண்டுபிடிப்பின் அறிவியல் முதன்மை பற்றிய வினாக்களை அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹியூவிஷிடம் கேட்டனர். பெல்லிடம் கேட்டவை வேறு. கூந்தலின் நிறம் யாது, ஆண் நண்பர் எத்தனை பேர், உடலளவு என்ன என்பன அவ்வினாக்கள். படம் பிடிக்க வந்தவர்கள் அவர் உடையைப் பற்றிக் கூறியதை இம்மலரில் எழுத நாம் விரும்பவில்லை. தாம் பட்ட அவமதிப்பை அவரே பிற்காலத்தில் பன்முறை எடுத்துரைத்துள்ளார். 1974இல் அக்கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றோர் பட்டியலில் ஹியூவிஷ் இருந்தார், பெல் இல்லை.

2018இல் அவருக்கு 30 லட்சம் டாலர் மதிப்புள்ள சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. அத்தொகை முழுவதையும் இயற்பியல் ஆய்வில் குறைவாக இடம்பெறும் பிரிவினரின் உதவித்தொகைக்காக அவர் கொடுத்துவிட்டார். தம்மிடம் கேட்கப்படாத வினாக்களைப் பிறராவது கேட்கப்பெற வேண்டும் என அவர் கருதினார் போலும்.

அழைப்பே அவமதிப்பாதல்

பெண்கள் அறிவியலுக்கு வரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் விளம்பரமும் தவறக்கூடும். 2012 சூனில் ஐரோப்பிய ஆணையம், பள்ளி மாணவியரை அறிவியலுக்கு அழைக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முன்னோட்டக் குறும்படம் ஒரு நிமிடமும் நீளாதது. குதியுயர்ந்த காலணியும் குறுகிய உடையும் அணிந்த மூன்று இளம்பெண்கள் அதில் ஆடை அணிவகுப்புப் போல நடந்து வருவர். நுண்ணோக்கியின் முன் அமர்ந்த ஆண் ஒருவர் தலைநிமிர்ந்து அவர்களைப் பார்ப்பார். அறிவியல் என்னும் ஆங்கிலச் சொல்லின் ஓர் எழுத்துக்குப் பதிலாக உதட்டுச் சாயக் குப்பி நிறுத்தப்பட்டிருந்தது.

அப்படத்தில் ஆய்வு செய்தவர் ஆண். பார்க்கப்பட்டவர் பெண். அழைக்கப்பட்டவர்களே வாக்கியத்தில் செயப்படுபொருள் ஆயினர். ஐரோப்பாவெங்கும் பெண் அறிவியலாளர்களே கண்டித்து எழுதினர். சில நாள்களில் அப்படம் திரும்பப் பெறப்பட்டது. அதே இயக்கம் உண்மையான பெண் ஆய்வாளர்கள் தம் பணியைத் தாமே விளக்கும் சிறு படங்களையும் வெளியிட்டிருந்தது. அவை பயனுடையன. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது உதட்டுச் சாயத்தையே.

பட்டுப்புடவையும் பன்னிரண்டு நிமிடமும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2014 செப்டம்பர் 24ஆம் நாள் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. பெங்களூரில் பட்டுப்புடவை உடுத்திக் கூந்தலில் மலர் சூடிய பெண்கள் ஒருவரையொருவர் வாழ்த்தி மகிழும் புகைப்படம் உலகெங்கும் பரவிற்று. வெள்ளை அங்கி அணிந்த ஆணே அறிவியலாளர் என்னும் எண்ணத்தை அந்த ஒரு படம் அசைத்தது. அதனால் விளைந்த நன்மையை மறுத்தலாகாது.

அப்படத்தில் இருந்தோர் இஸ்ரோவின் நிர்வாகப் பணியாளர் என்பது பின்னர்த் தெரியவந்தது. அவர்கள் மகிழ்ந்ததில் தவறில்லை, அந்நிறுவனத்தின் வெற்றி அவர்களுக்கும் உரியதே. தவறு, பெயரும் பணியும் கேளாமல் புடவையை மட்டும் கண்ட பார்வையில் இருக்கிறது. அந்நாளில் கட்டுப்பாட்டு அறையில் பெண் பொறியாளர்கள் இருந்தனர். ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் ஆகிய இருவரும் துணை இயக்கப் பொறுப்பு வகித்தனர். செவ்வாயிலிருந்து ஓர் அலை புவியை வந்தடைய அன்று ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆயின. கோளாறு நேர்ந்தால் நாம் அறிவதற்கே 12 நிமிடம், ஆணை அனுப்பி அது சென்று சேர மேலும் 12 நிமிடம். ஆதலால் கலம் தானே குறையை உணர்ந்து தானே சீர்செய்துகொள்ளும் வகையில் அதனை அமைக்க வேண்டியிருந்தது. ரிது கரிதால் ஈடுபட்ட பணி இது. இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் சொன்னால் கேட்கும் மாணவியின் உள்ளத்தில் ஒரு வினா எழும். புடவையை மட்டும் சொன்னால் என்ன எழும்?

இதனினும் நமக்கு அணித்தான செய்தி ஒன்று. செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலியில் பொறியியல் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த நிகர் ஷாஜி, ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக விளங்கினார். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட அக்கலம் 2024 சனவரி 6ஆம் நாள் தன் இடத்தை அடைந்தது. நம் சமுதாயம் பெருமிதம் கொண்டது. வாழ்த்துச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. நாம் கண்டவற்றுள் பல 'செங்கோட்டை மகள்', 'சமுதாயத்தின் செல்வி', 'சிங்கப்பெண்' என்றே நின்றன. அத்தனையும் பெயர்ப் பயனிலை. அவற்றுள் ஒன்றிலேனும் எல்-1 என்பது யாது என்னும் விளக்கம் இல்லை.

எல்-1 என்பது புவியிலிருந்து சூரியனை நோக்கி ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இடம். அங்கே சூரியனின் ஈர்ப்பும் புவியின் ஈர்ப்பும் கூடி, கலம் புவியோடு ஒத்த காலத்தில் சூரியனைச் சுற்றிவரச் செய்கின்றன. ஆதலால் கிரகணமோ இரவோ குறுக்கிடாமல் சூரியனை இடையறாது நோக்கலாம். ஏழு கருவிகளோடு அங்குச் சென்ற கலத்தின் பணியை ஒருங்கிணைத்து வழிநடத்தினார் நிகர் ஷாஜி. இதுவன்றோ வாழ்த்துரை?

பெரியோர் எழுப்பும் தடை

இக்கருத்தைப் பெரியவர் ஒருவரிடம் கூறியபோது அவர் எழுப்பிய தடையை ஈண்டுக் குறித்தல் நேர்மையாகும். "தம்பி, நீங்க சொல்றது சரி. ஆனா ஒரு தகப்பன் தன் மகளை மேல்படிப்புக்கு அனுப்ப யோசிக்கிறப்போ, அந்த அம்மாவும் குடும்பத்தோட நல்லா இருக்காங்கங்கிற செய்திதான் அவனுக்குத் தைரியம் கொடுக்குது. அதை எடுத்துடாதீங்க" என்றார் அவர்.

இத்தடையில் உண்மை உண்டு. குடும்பச் செய்தியை நீக்குக என்பது நம் கருத்தன்று. முதலில் வினையைச் சொல்லுக, பின்னர்க் குடும்பத்தைச் சொல்லுக என்பதே நம் வேண்டுகோள். சொல்லும்போது முழுமையாகவும் சொல்லுதல் வேண்டும். மேரி கியூரி ஆய்வகத்தில் இருந்த நேரத்தில் அவர் மகளை வளர்த்தவர் பியரியின் தந்தையாகிய மருத்துவர் யூஜீன் கியூரி. அப்பாட்டனார் இன்றி அவ்வாய்வு எளிதாக இராது. 'இரண்டையும் ஒருங்கே ஆற்றிய அன்னை' எனப் பாடும்போது, தாங்கி நின்ற கைகளை மறைத்துவிடுகிறோம். கேட்கும் மாணவியோ, இரு மடங்கு ஆற்றல் உடையவளுக்கே இப்படிப்பு எனக் கருதிப் பின்வாங்குகிறாள். கேட்கும் தந்தையும், தமக்கு இதில் செய்யவேண்டியது ஒன்றுமில்லை என அமைந்துவிடுகிறார்.

செய்யத்தக்கன

மலர்க்குழுவினரும் மன்றச் செயலர்களும் கருத்தில் கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம். ஒரு பெண் அறிஞரைப் பற்றி எழுதி முடித்தபின், அதே வாக்கியத்தில் ஓர் ஆணின் பெயரை இட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நகைப்புக்கு இடமாயின் அவ்வாக்கியம் பிழையுடையது. முதல் வாக்கியம் வினைப் பயனிலை கொண்டு முடிதல் வேண்டும். எதைக் கண்டார், எதை அளந்தார், எதைக் கட்டினார் என்னும் வினாவுக்கு விடை இருத்தல் வேண்டும். 'முதல் பெண்' என்னும் அடைமொழியோடு நிறுத்துதல் ஆகாது. புகைப்படத்தின் கீழ்ப் பெயரும் பணியும் எழுதப்படுதல் வேண்டும்.

1903 முதல் 2025 வரை இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பெண்கள் ஐவரே. மேரி கியூரி, மரியா கோப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பின் டோனா ஸ்டிரிக்லண்ட் 2018இலும், ஆண்ட்ரியா கெஸ் 2020இலும், ஆன் லூலியே 2023இலும் பெற்றனர். ஸ்டிரிக்லண்ட் மிகக் குறுகிய, மிக வலிய லேசர் துடிப்புகளை ஆக்கும் முறையை உருவாக்கினார். கெஸ் நம் விண்மீன் மண்டலத்தின் நடுவே பெரும் நிறை ஒன்று மறைந்திருப்பதை, அதனைச் சுற்றும் விண்மீன்களின் ஓட்டத்தைக் கொண்டு நிறுவினார். லூலியே எலெக்ட்ரானின் அசைவைக் காண உதவும் நுண்ணொளித் துடிப்புகளுக்கு வழி கண்டார். பாருங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வினை போதுமானதாக இருக்கிறது.

முடிவுரை

நம்மிடம் வினவிய அம்மாணவியின் பேச்சுக்கு வருவோம். மறு ஆண்டு அறிவியல் நாளுக்கும் ஒரு பேராசிரியை வந்தார். அறிமுகவுரை எழுதும் பணி மீண்டும் நம்மிடம் வந்தது. இம்முறை இறுதியாண்டில் இருந்த அம்மாணவியைத் துறைக்கு அழைத்தோம். விருந்தினரின் ஆய்வுச் சுருக்கத்தை அவள் கையில் தந்து, "இதை எனக்குப் புரியும்படி சொல்லும்மா" என்றோம். மெல்லிய படலங்களில் மின்சாரம் பாயும் விதத்தைப் பற்றி அவள் ஒரு மணி நேரம் விளக்கினாள். நமக்குப் புரியாத இடத்தில் மேசைமேல் தாளை விரித்து வரைந்தும் காட்டினாள். அவள் சொன்னதை நாம் தமிழில் எழுதினோம். அவையில் அதனைப் படித்தவளும் அவளே.

அன்று கையொலி முன்போல் பெரிதாக எழவில்லை. ஆனால் விருந்தினர் எழுந்து வந்து, தம் ஆய்வைத் தமிழில் கேட்பது இதுவே முதல் முறை என்று கூறி, அவளிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். அவள் விடை கூறினாள். இயற்பியல் பற்றிய கேள்விகள் அவை. ஒரு பெண்ணிடம் கேட்கத்தக்க கேள்விகள் அவைதாம் என்பதை நம் மாணவரும் ஆசிரியரும் பெரியோரும் நெஞ்சில் கொள்ள வேண்டும் என்பதே நம் அவா.